அக்காவுக்குப் பனி

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தமிழில் பனி என்றால் வெறும் பனி. சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது நடை பழகும் முன்பே தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இரண்டு நாள் நடித்தேன் என்பதுதான் விஷயம். இப்போது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரனுக்குப் புரையேற வைக்கிற ஆள் என்று பேரும் வாங்கியாகிவிட்டது. ஆனால் இந்தக் கதையை மட்டும் பாதியோடு நிறுத்திவிடுவேன். சிரிப்பு முதல் பாதியில்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி மார்கழி அது. எனக்குப் பத்து வயது. தோட்டத்தில் பத்து வீடுகளை வரிசையாகக் கட்டி, நீளமாக ஒரே தகரக் கூரை போட்டிருப்பார்கள். அதற்கு லயம் என்று பெயர். அதில் ஏழாவது வீடு எங்களுடையது. குடியிருந்தது லயத்தில் என்றாலும் என் உடம்பில் மருந்துக்குக்கூட லயம் கிடையாது. தாளம், சுதி, குரல் எல்லாவற்றையும் அக்கா எனக்கு ஐந்து வருஷம் முன்னால் பிறந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா விடிந்ததும் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை, பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். அதனால் வீட்டு வேலை எங்கள் இரண்டு பேருக்கும்தான். சமையலும் துவையலும் அக்காவுக்கு. குழாயடித் தண்ணீரும் விறகும் எனக்கு. மார்கழியில் கூடுதலாக ஒரு வேலை சேரும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும். அதை அடுப்போரம் வைத்து, உருகும் வரை காவல் இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் பாட்டில் வெடிக்கும். வருஷத்துக்கு இரண்டு பாட்டிலாவது வெடித்தது. ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன காரணம் பூனை. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அந்த வருஷம் அப்பா என் காதைத் திருகிச் சொல்லியிருந்தார்:

"இன்னும் ஒரு பொய் சொன்னேன்னு தெரிஞ்சுது, பள்ளிக்கூடத்த நிறுத்திட்டுக் களை பறிக்க அனுப்பிருவேன். பாத்துக்கோ."

அப்பா சொன்னால் செய்கிற ஆள். மற்ற விஷயங்களில் அது நல்ல குணம்.

எனக்கு இருந்த ஒரே சாபக்கேடு சுருதிப் பெட்டி. பஜனைக் குழுவில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை அப்பா வாங்கி வந்திருந்தார். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு, அதன் முன்னாலேயே உட்கார்ந்து அக்கா பாடுவாள். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் பெட்டியை அமுக்க வேண்டும். அமுக்குவதற்கு ஒரு கை போதும். மிச்சம் இருக்கும் ஒரு கையையும் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு பத்து வயதுப் பையன் என்னதான் செய்வான்? கவனம் எங்காவது போகும். பெட்டி மூச்சு விடும்.

"ஏலே, சுதி எறங்குது, அமுக்குலே" என்பாள், கண்ணைத் திறக்காமலேயே.

அந்த மார்கழியில் அவள் தினமும் ஒரே கீர்த்தனையைத்தான் பாடினாள். மலையாளக் கீர்த்தனை. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, அடுப்புச் சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள். பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடக்கும் பாட்டுப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளைதான் போக முடியும். அக்காவா, ஆபீஸ் கிளார்க்கின் மகளா என்பது பாட்டு டீச்சர் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரையும் தன் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொல்லிக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பேரை எழுதி அனுப்புவதாக ஏற்பாடு. சுருதிப் பெட்டியோடு நான் துணைக்குப் போக வேண்டும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு டிவி வந்தது.

பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர் எங்கள் தாய்மாமா. யாரோ பெரிய துரை வீட்டில் பழசாகி, இங்கே தள்ளிவிடப்பட்ட டிவி. அலமாரி மாதிரி இரண்டு பக்கமும் மரக் கதவு வைத்தது. இலங்கையில் புதிதாகப் படம் காட்ட ஆரம்பித்திருக்கிறார்களாம், நம்ம மலை உயரத்துக்கு அது எட்டிவிடுமாம் என்று மாமா வந்து சொன்னார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வா மாப்ளே. சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா நேராத் தெரியும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஒன்றுதான். அதில் டிவியும் இருந்தது, சுருதிப் பெட்டியும் இருந்தது.

சனிக்கிழமை ரேஷன் கடை வாசலில் பாட்டு டீச்சரே எதிரில் வந்துவிட்டார்.

"மோனே, நாளெ சேச்சியெக் கூட்டிக்கொண்டு வரணம், கேட்டோ?"

"பாக்கணும் டீச்சர். எங்க பக்கம் ரொம்பப் பனி."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முதல் பனி நிஜப் பனிதான். குளிரைக் காட்டித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான். டீச்சர் முகம் மாறியது.

"அய்யோ, பனியோ? எத்ர திவசமாயி?"

"மூணு நாளா, டீச்சர்."

"கூடுதலாணோ?"

"விடியக்காலம் ஜாஸ்தி. வெயில் ஏற ஏறக் கொறஞ்சிரும்."

"விறையலுண்டோ?"

"எல்லாரும் வெறச்சுப்போயித்தான் கெடக்கோம் டீச்சர்."

"எல்லாவர்க்குமோ!" டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கூரைமேல் விழுகிற பனியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் உடம்பில் காய்கிற பனியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல பிள்ளையாக இருந்தால் அங்கேயே சிரித்து, விஷயத்தைச் சொல்லியிருப்பான். எனக்குச் சமையல்கட்டு ஜன்னல் தெரிந்தது.

"சேச்சிக்கோ?" என்றார் டீச்சர்.

"அக்காவுக்குத்தான் டீச்சர், எல்லாரையும்விட ஜாஸ்தி."

அக்காவுக்குக் குளிரில் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. அதைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டேன். "பாவம். நாளெ வரண்டா, கிடந்நோட்டெ" என்றார் டீச்சர். படுத்திருக்கட்டும் என்று அர்த்தம். அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு துள்ளாத குறையாக வீடு வந்தேன்.

அக்காவிடம் வேறு ஒன்று சொன்னேன். "டீச்சருக்கு ஏதோ சோலியாம். நாளைக்கு வர வேண்டாம்னுட்டாங்க."

அக்கா அரிசி களைந்த கையோடு திரும்பினாள். "திங்கக்கெழம பேரு அனுப்பணுமேலே? பெறகு எப்பக் கேப்பாங்களாம்?"

"எனக்கென்ன தெரியும்?"

அரிசியை உலையில் போட்டாள். "சரி. திங்கக்கெழம வெள்ளனப் போயி, மணி அடிக்க முந்திப் பாடிக் காட்டிருதேன்."

திங்கட்கிழமை என்று ஒரு நாள் வரும் என்பதையே நான் யோசித்திருக்கவில்லை. பரவாயில்லை, அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். டிவியில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன. மாமா கூரைமேல் ஏறி, ஏரியல் கட்டிய மூங்கில் கம்பத்தைத் திருகினார்.

"இப்பத் தெரியுதாலே?"

"இல்ல மாமா. பனியாத்தான் தெரியுது."

"பொட்டிக்குள்ளயுமாலே மார்கழி?"

ஒன்றரை மணி நேரம் பனியைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பார்ப்பதற்கு எங்கள் வாசலே போதும்.

மறுநாள் காலை, அம்மா வேலைக்குப் போன பிறகு, கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, லயத்தின் முதல் வீட்டு வாசலில் டிஸ்பென்சரி கம்பவுண்டர் குரல் கேட்டது. தோல் பை, ஊசி, கண்ணாடித் துண்டுகள், பின்னால் ஓர் ஆள். லயம் முழுக்கக் காய்ச்சல் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார்! மலைக்காய்ச்சலோ என்னவோ என்று வீடு வீடாக ரத்தம் எடுக்க வந்துவிட்டார். முதல் வீட்டில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்.

"இவிடெ பனியுண்டோ?"

"என்ன சார் இப்பிடிக் கேக்கீய? கூரையப் பாருங்க, உப்பக் கொட்டுன மாதிரி கெடக்கு."

"எத்ர பேர்க்கு?"

"அஞ்சு பேரும் ராத்திரி பொட்டுக்கூடத் தூங்கல சார்."

ஐந்து பேர் விரலிலும் ஊசி இறங்கிய பிறகுதான் அடுத்த வீட்டுப் பெண் ஓடிவந்து மொழிபெயர்த்தாள். லயம் முழுக்கச் சிரிப்பு. கம்பவுண்டரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பக்ஷே டீச்சர் பறஞ்ஞல்லோ, ஏழாமத்தெ வீட்டிலெ குட்டிக்கு நல்ல பனியாணெந்நு" என்றபடி எங்கள் வீட்டை நோக்கி நடந்தார். அதே சமயம் எதிர்ப்பக்கம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதலில் அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் உட்கார்ந்தேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எழுந்து விறகுக்குப் பின்னால் போனேன். எண்ணெய் பாட்டில் உருண்டது. வெங்காயத்தைக் கக்கத்தில் வைத்தால் காய்ச்சல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடி, "இதக் கக்கத்துல வச்சுக்கோக்கா, சீக்கிரம் வச்சுக்கோ" என்று கெஞ்சினேன்.

அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். ஒரு பக்கம் பின்னி முடித்திருந்தாள். இன்னொரு பக்கத்துக்கான ரிப்பன் பல்லில் இருந்தது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்: ரேஷன் கடை, டிவி, பனி, அந்தப் பனி, இந்தப் பனி. மூக்கு வழிந்தது. "அப்பா என்னக் களை பறிக்க அனுப்பிருவாருக்கா."

அவள் என்னை அடிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அடுப்புச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு பல்லில் இருந்த ரிப்பனை எடுத்து, பின்னிய பக்கத்தையும் அவிழ்த்துவிட்டாள். அடுப்பில் ஆவி பறந்துகொண்டிருந்த மிச்சக் காப்பியைத் தம்ளரில் ஊற்றி ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"யாருக்குக் காய்ச்சலு? யாரு சொன்னா?" அப்பா குரல் வாசலில் வந்துவிட்டது. அவர் கண் நேராக என்மேல் வந்தது. இம்மாதிரி விஷயங்களில் அவர் வேறெங்கும் தேட மாட்டார்.

"எனக்குத்தாம்ப்பா" என்றாள் அக்கா. "மூணு நாளா. நாந்தான் டீச்சர்ட்டச் சொல்லச் சொன்னேன்."

கம்பவுண்டர் அவள் நாக்குக்கு அடியில் கண்ணாடிக் குழாயை வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கொறச்சுண்டு" என்றார், கொஞ்சம் இருக்கிறது என்று. விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார். நாலு வெள்ளை மாத்திரைகளைத் தன் முன்னாலேயே விழுங்க வைத்தார். அந்த மாத்திரையின் கசப்பு லயத்துக்கே தெரியும். அவள் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள். மூன்று நாளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சொல்லக் கூடாதா தாயி?" என்றார். என்னை விறகு பிளக்கச் சொன்னார். நான் தப்பித்துவிட்டேன். அன்றைக்கு நான் பிளந்த மாதிரி சந்தோஷமாக யாரும் விறகு பிளந்திருக்க முடியாது.

மத்தியானம் கிளார்க் மகளின் பேர் போயிற்று.

சாயங்காலம் வழக்கம்போலச் சுருதிப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். ஏதோ கொஞ்சம் நன்றி மாதிரி. அக்கா கம்பளிக்குள்ளிருந்தே சொன்னாள்:

"இனி அது வேண்டாம்லே. தூக்கிப் பரண்ல வச்சிரு. நீ டிவி பாக்கப் போ."

இரண்டு பாஷை தெரியும் என்று பீற்றிக்கொண்ட எனக்கு, அந்த ஒரு வரித் தமிழ் விளங்கவில்லை. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, அவள் மனம் மாறுவதற்குள் என்று ஒரே ஓட்டமாக ஓடினேன்.

அன்றைக்குப் படம் விழுந்தது. சேலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். குளிருக்காக ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. வாய் திறக்கிறது, மூடுகிறது, புருவம் ஏறுகிறது, கை காற்றில் எதையோ பிடித்து விடுகிறது. தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்ட மீன் மாதிரி இருந்தது எனக்கு. கண்ணாடியில் மூச்சுப் படிய விழுந்து விழுந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் அப்படியே பாடிக் காட்டினேன். வாயைப் பிளந்தேன், புருவத்தை ஏற்றினேன், கையை விரித்தேன். அக்கா கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். கம்பளிக்குள் அவள் தோள் குலுங்கியது.

சிரிக்கிறாள் என்று நினைத்து, இன்னொரு தடவை செய்து காட்டினேன்.