பச்சை மட்டும் வேண்டாம்

அந்தப் பேருந்து நிலையத்துக்கு வந்துபோகிறவர்கள் எல்லோருக்கும் மைக்கக்காவின் குரல் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு முடிகிற இடத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் வானம்தான் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் மொத்தக் கூட்டமும் தெரியும்.

சீட்டு கொடுக்கிற வேலைக்குத்தான் முதலில் வந்தாள். அறிவிப்பு சொல்கிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொள்ள, "நீ போய்க் கொஞ்ச நேரம் கத்திட்டு வாம்மா" என்று அனுப்பினார்கள். அவள் கத்தவில்லை, பேசினாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்துவாள். தன் ஊர்ப் பெயர் காதில் விழுகிறவரைக்கும் யாரும் எதையும் கேட்பதில்லை. விழுந்த பிறகு கைப்பேசியிலிருந்து தலை நிமிர ஒரு மூச்சு நேரமாவது வேண்டும். மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள் நிமிர்ந்ததும் நடைமேடை எண்ணைச் சொல்வாள். குழந்தை காணாமல் போனால் பதற்றமாக அறிவிக்க மாட்டாள். "சிவப்புச் சட்டை போட்ட பெரிய மனுஷர் ஒருத்தர் விசாரணை மேசையில பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். அவரோட அம்மா எங்கிருந்தாலும் வந்து பில்லைக் கட்டிட்டுக் கூட்டிட்டுப் போகலாம்" என்பாள். அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே ஓடி வருவாள்.

கடைத்தெருவில் அவள் வெங்காயம் என்ன விலை என்று கேட்டால் போதும், பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "உன்கூட வந்தா மானம் போகுதுக்கா" என்று தங்கை அலுத்துக்கொள்வாள். "நீ தக்காளின்னு சொன்னாலே நாலு பேர் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுறாங்க."

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கைக்கு மருந்துக் கடையில் வேலை. வெள்ளை மேலங்கியில் மடிப்புக் கலையாமல் கிளம்புவாள். மைக்கக்காவோ முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போவாள். தங்கை சத்தம் போட்டால், "குரலுக்கு யாராவது இஸ்திரி போடுவாங்களா?" என்பாள். உருப்படியாக அவளிடம் இருந்தது ஒரே உடுப்பு. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற, கழுத்துவரை பொத்தான் வைத்த பச்சைக் கோட்டு. தானே கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது. மழையோ குளிரோ அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் அவளுக்கே தன் நடை மாறிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த அறைக்குப் படியேறி வருகிற ஒரே ஆள் தம்பி. கூடப்பிறந்தவன் இல்லை. மாலை நேர மேற்பார்வையாளன். மற்றவர்களுக்கு அவன் சார். அவளுக்கு மட்டும் தம்பி, "நீ". வரிசை ஒழுங்கு பண்ணுகிற வேலையில் அவன் சேர்ந்த புதிதில், மழையில் நனைந்து நின்றவனை மேலே கூப்பிட்டு உட்காரவைத்தவள் அவள். அவன் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் இரண்டு பேர் வேலையையும் ஒருத்தியாகப் பார்த்தாள். அதற்கப்புறம் தினமும் நாலு மணிக்கு ஒரு பிளாஸ்க், இரண்டு கோப்பை. அவன் பாதி வம்பை அவள் கேட்பாள், மீதியைப் பேருந்து வந்து தடுத்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்பு தம்பிதான் அந்த விஷயத்தைக் கொண்டு வந்தான்.

"உங்க குரலைக் கொஞ்சம் பதிஞ்சு வெச்சுக்கணுமாம்க்கா. உங்களுக்குத் தொண்டை கட்டினா? ஒருநாள் லீவு வேணும்னா? ஒரு மாத்து ஏற்பாடு வேணும்ல."

தங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது லீவு கிடைக்காமல் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். நல்ல யோசனை என்றுதான் பட்டது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் நாள் கணக்காக உட்கார்ந்து படித்தாள். எல்லா ஊரும், எல்லா எண்ணும், வருத்தம் தெரிவிக்கிற வாக்கியங்கள், நன்றி சொல்கிற வாக்கியங்கள். சந்தோஷமாக ஒரு தடவை, சாதாரணமாக ஒரு தடவை. ஒருநாள் லீவுக்கு இவ்வளவா என்று கேட்டதற்கு, "கேக்குறாங்க, குடுத்துடுவோம்க்கா" என்றான் தம்பி.

போன வாரம் பிளாஸ்க்கைக்கூடத் திறக்காமல், படியேறி வந்த மூச்சோடு சொன்னான்.

"அக்கா, உங்களைப் படம் எடுக்கப் போறாங்க. பெரிய ஸ்டூடியோவுல. இத்தனை வருஷம் குரலைக் கேட்ட சனங்க முகத்தையும் பாக்கட்டுமேன்னு மேலிடத்துல முடிவு பண்ணியிருக்காங்க."

"என் மூஞ்சியையா? எங்கடா மாட்டுவாங்க?"

"எல்லா நடைமேடையிலயும். எதை வேணும்னாலும் போட்டுக்கலாம், பச்சை மட்டும் வேண்டாமாம்."

அன்று அவளுடைய குரல் ஒரு படி மேலே நின்றது. ஏழாம் நடைமேடைக்குப் போக வேண்டிய பேருந்தை ஒன்பதுக்கு அனுப்பப் பார்த்து, பாதியில் சுதாரித்துக்கொண்டாள்.

வீட்டில் அலமாரி மொத்தமும் கட்டிலுக்கு வந்துவிட்டது.

"இருக்கிற ஒரே நல்ல துணி பச்சை. அதையே வேண்டாங்குறாங்களே, இது என்ன அநியாயம்?" என்றாள் தங்கை.

"படத்துல எடுக்காதோ என்னவோ. வெள்ளை எப்படி?"

"ரெண்டு மாத்திரை குடும்மான்னு கேப்பாங்க."

"பூப்போட்டது?"

"சோபாவுக்கு உறை போட்ட மாதிரி இருக்கு. கழட்டு."

பழுப்பு நிறச் சட்டை தோள்பட்டையில் தொங்கியது. சாம்பல் நிறத்துக்குக் காலர் தேய்ந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று நின்று அவளுக்குக் கால் வலித்தது. இத்தனை பேர் தன்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்ததும், கழற்றிப்போட்டதையே மறுபடி எடுத்துப் பார்த்தாள். கடைசியில் தம்பியைக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டார்கள். அவன் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தான்.

"கொஞ்சம் திரும்புங்கக்கா... வெளிச்சத்துப் பக்கம் வாங்க... அது வேண்டாம், முதல்ல காட்டினீங்களே, கருநீலம், அது. ஆங், இதுதான்! நீலத்துல உங்களுக்குத் தனிக் கம்பீரம் வருது."

"நிஜமாவா சொல்றே? இல்ல, அரை மணி நேரமாச்சேன்னு சொல்றியா?"

"உங்ககிட்டப் பொய் சொல்வேனாக்கா?"

தங்கை அந்தக் கருநீலச் சட்டையின் மேல் பொத்தானை மாற்றித் தைத்தாள். இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். படம் எடுக்கிற அன்று தூறலும் குளிருமாக இருந்தது. நீலத்தின் மடிப்பு கசங்காமல் இருக்கப் பச்சைக் கோட்டை மேலே போட்டுக்கொண்டு மைக்கக்கா கிளம்பினாள்.

ஸ்டூடியோ வாசலில் தம்பி காத்திருந்தான். உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, "சூடா தேநீர் வாங்கிட்டு வந்துடறேன்" என்று நகர்ந்தான். படம் எடுக்கிற பெண் படபடவென்று பேசுகிற ரகம். கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். முக்காலியைக் காட்டினாள். முக்காலிக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரைக்கும் பளீரென்று பச்சைத் துணி.

மைக்கக்கா உட்கார்ந்து காலரை நேர்செய்துகொண்டாள். "இந்த நீலம் சரியா இருக்காம்மா? இல்ல, ரொம்ப இருட்டடிக்குதா?"

"எது போட்டாலும் ஒண்ணுதாங்க. கழுத்துக்குக் கீழ எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல நாங்க மாத்திடுவோம். மழைக்காலத்துக்கு ஒரு டிரஸ், வெயிலுக்கு ஒரு டிரஸ், விளம்பரம் வந்தா அதுக்கு ஒண்ணு."

"அப்போ பச்சைக்கு மட்டும் என்ன கோபம்?"

"பின்னாடி இருக்கு பாருங்க, அந்தப் பச்சையக் கம்ப்யூட்டர் அழிச்சிட்டு, அந்த இடத்துல பஸ் ஸ்டாண்டைக் கொண்டு வந்துரும். நீங்களும் பச்சை போட்டா உங்களையும் சேத்து அழிச்சிரும். தோளும் கையும் அளவு தெரிஞ்சாத்தானே வேற துணி மாட்ட முடியும்? ம், இப்ப 'ஆ'ன்னு சொல்லுங்க. அடுத்து 'ஓ'. உதடு எல்லா மாதிரியும் எனக்கு வேணும்."

"படத்துக்கு எதுக்கும்மா உதடு?"

"பேசறப்ப அசையணும்ல. ஒவ்வொரு நடைமேடையிலயும் திரை வருது, அதுல நீங்க நின்னு சொல்லுவீங்க, எந்த பஸ் எங்கேன்னு."

"நான் மேல இருந்து பேசப் பேச..."

"நீங்க எதுக்கு?" என்றாள் அந்தப் பெண், விளக்கைத் திருகிக்கொண்டே. "குரல்தான் மொத்தமா எடுத்தாச்சே. அதுவே பேசிக்கும். இனி நீங்க வீட்ல ஜம்முன்னு..." அதற்கப்புறம்தான் அவள் மைக்கக்காவின் முகத்தைப் பார்த்தாள். "உங்ககிட்டச் சொல்லலையா?"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான், கையில் இரண்டு கோப்பையோடு. அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். அவன் கோப்பையைப் பார்த்தான்.

"எப்போலேர்ந்துடா தெரியும்?"

"அக்கா..."

"குரல் பதிஞ்சப்பவே தெரியுமா?"

ஆமாம் என்று அவன் தலை அசைந்தது. "மேலிடத்துல வாயே தெறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா. தெரிஞ்சா நீங்க படிச்சுக் குடுக்க மாட்டீங்கன்னு. என் வேலையும் போயிரும்னு பயமுறுத்தினாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு..."

"சரி. வாயத் தெறக்கக் கூடாது. தெறக்காமலே இருந்திருக்கலாம்ல?" அவளுக்குக் கத்தத் தெரியாது. மைக் முன்னால் பேசுகிற அதே குரலில்தான் கேட்டாள். "நீலத்தப் போடுங்கக்கான்னு எதுக்குத் தெறந்தே?"

அவன் கோப்பைகளைக் கீழே வைத்தான்.

"எதைப் போட்டாலும் ஒண்ணுதான்னு உனக்குத் தெரியும். அரை மணி நேரம் என்னைத் திரும்புங்கன்னே, வெளிச்சத்துக்கு வாங்கன்னே. என் தங்கச்சி ரெண்டு தடவை இஸ்திரி போட்டாடா."

வேலை போவது ஒரு அடி. அதை யாரோ முகம் தெரியாதவர்கள் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கலாம். ஆனால் பழுப்பு வேண்டாம், நீலம் போடுங்கள் என்று தெரிந்தே சொன்னது இந்த வாய். தினமும் அவளோடு தேநீர் குடித்த வாய்.

"உங்க சந்தோஷத்தக் கெடுக்க மனசு வரலக்கா" என்றான் தம்பி, கடைசியாக.

அவள் எழுந்தாள். வெளியே போகிறாள் என்று இரண்டு பேரும் வழி விட்டார்கள். அவள் கொக்கியிலிருந்து பச்சைக் கோட்டை எடுத்தாள். போட்டுக்கொண்டாள். கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக் கழுத்துவரைக்கும் வந்து நிறுத்தினாள். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்து, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"எடும்மா."

"இதுல எடுத்தா ஒண்ணுக்கும் ஆகாதுங்க."

"எதை வேணும்னாலும் போட்டுக்கலாம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க? என் படம், என் இஷ்டம். எடு."

அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, எடுத்தாள். பக்கத்துத் திரையில் படம் வந்து நின்றது. பேருந்துகள், தூண்கள், நடைமேடை எண்கள். நடுவில் மைக்கக்காவின் தலை மட்டும் தனியாக, எதன்மேலும் உட்காராமல், சிரிக்காமல்.

"கழட்டிருங்கக்கா. ரெண்டு நிமிஷ வேலை. உங்க மூஞ்சி வந்தா நமக்குப் பெருமைதானே" என்றான் தம்பி.

"குரல ஏமாந்து குடுத்துட்டேன். மூஞ்சிய, தெரிஞ்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேன்."

மறுநாளும் வேலைக்குப் போனாள். திரைகள் வந்து சேர இன்னும் சில வாரங்கள் ஆகும், அதுவரை பேருந்துகள் நிற்குமா என்ன? வேறு யாரோ ஒரு பெண்ணின் முகத்தை வைக்கப் போவதாக ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த முகத்தில் தன் குரல் எப்படி இருக்கும் என்று மைக்கக்கா யோசித்துப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். கோட்டைக் கழற்றவில்லை. பொத்தான் போட்டபடியே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பிளாஸ்க், இரண்டு கோப்பை. வாசலிலேயே நின்றான்.

"அக்கா, தேநீர்."

கீழே ஒரு பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவள் மைக்கைத் திறந்து ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஒரு மூச்சு நிறுத்தினாள். தலைகள் நிமிர்ந்தன. எண்ணைச் சொல்லிவிட்டு மைக்கை மூடினாள்.

"அங்க வெச்சுட்டுப் போங்க, சார்" என்றாள்.