என் நெஞ்சில் பழகியவள்

எக்கோ அறையில் எப்போதும் படுப்பவள் நான். ஸ்கேன் செய்பவள் அவள்.

ஒரகடம் சாலையில் இருந்த ஒரு மருத்துவமனையில் இதய ஸ்கேன் பயிற்சிக்கு நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தோம். நான் இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றுவிட்டு, வீட்டில் சண்டை போட்டு டிப்ளமோ படித்து வந்தவள். அவள் வடக்குப்பட்டுக்காரி. என்னைவிடச் சின்னவள், படிப்பு முடிந்த கையோடு வந்தவள். கடைசியில் ஒருத்தியைத்தான் வேலைக்கு எடுப்பார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கிடைக்காவிட்டால் எனக்கு மறுபடியும் ஷிப்ட் பஸ்தான்.

நோயாளி இல்லாத நேரத்தில் ஒருத்திமேல் ஒருத்தி ஸ்கேன் எடுத்துப் பழக வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஜெல்லின் குளிருக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். என் பாழாய்ப்போன இதயம் திரையில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நான்கு அறைகளும், வால்வு திறந்து மூடுவதும் அப்படியே புத்தகத்துப் படம். அவளுடையது தெரியவே தெரியாது. விலா எலும்புகள் நெருக்கம், நுரையீரல் வேறு குறுக்கே வரும். நான் அவள் நெஞ்சில் ஸ்கேன் புரோபை வைத்தால் திரை முழுக்க மார்கழிப் பனி.

"உனக்கு இன்னும் கை உக்காரலம்மா" என்பார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் டெக்னீஷியன் மேடம். அவளிடம், "பாரு, எவ்ளோ அழகா எடுக்கிற" என்பார்.

இதயம் என்னுடையது, பாராட்டு அவளுக்கு. எனக்கு வயிறு எரிந்தது. "நீயே படுத்துக்கோக்கா, உன்னுதுலதான் எல்லாம் நல்லா தெரியுது" என்று அவள் சிரிக்கும்போது ஜெல் பாட்டிலை அவள் தலையில் கவிழ்க்கத் தோன்றும். கவிழ்க்காமல் படுத்துத் தொலைத்தேன். அவள் கை தேறிக்கொண்டே போனது. நோயாளிகளையும் அவளிடமே அனுப்பினார்கள். நான் பக்கத்தில் நின்று, அவர்கள் நெஞ்சைத் துடைக்க டிஷ்யூ கிழித்துக் கொடுத்தேன்.

மதியம் அவள் கொண்டுவரும் மீன் குழம்பில் எனக்கும் பங்கு உண்டு. அது வேறு கடுப்பு. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பயிற்சி முடியும் வாரம், வழக்கம்போல நான் படுத்திருந்தேன். நெஞ்சில் ஈசிஜி ஒயர்கள், திரையின் மூலையில் என் துடிப்பின் எண். மேடம் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து அவளிடம் சொன்னார், "வேலை உனக்குத்தாம்மா. ஒண்ணாந்தேதியிலேர்ந்து வந்துடு."

முகத்தை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன். "ரொம்ப சந்தோஷம்" என்றுகூடச் சொன்னேன். ஆனால் மூலையில் எண் ஏறியது. எழுபதில் இருந்தது தொண்ணூறானது, நூறைத் தாண்டியது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். மேடமும் திரைப் பக்கம் திரும்பினார்.

அதற்குள் அவள் புரோபை எடுத்துவிட்டு, ஒரு ஒயரையும் பிடுங்கிவிட்டாள். எண் மறைந்தது.

"ஒயர் லூசா கீது மேடம்" என்றாள்.

மேடம் போன பிறகு டிஷ்யூ கிழித்து என் நெஞ்சைத் துடைத்துவிட்டாள். அவள் படுத்து நான் நின்றிருந்தால், அந்த ஒயரைப் பிடுங்க எனக்குத் தோன்றியிருக்காது. வேலைக்காகப் பட்ட பொறாமை என்றோ ஆறிவிட்டது. இதற்காகப் படுவது இன்னும் ஆறவில்லை.