சித்தப்பாவின் மூன்றாம் படி

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டு அது. எழுபத்தெட்டா எழுபத்தொன்பதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சித்தப்பாவுக்கு வேலூரிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தில் தபால் முத்திரை அழிந்துபோயிருக்கிறது. ஆடி மாதம் என்பது மட்டும் நிச்சயம். தறிகளில் தீபாவளி வேலை தொடங்கியிருந்தது.

அப்பா இறந்தபின் எங்களைக் காப்பாற்றியவர் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆரணிப் பட்டுச் சேலைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து கொடுப்பது அவர் தொழில். மாதம் ஒருமுறை மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து வேலூருக்குப் பஸ் ஏறுவார். அங்கிருந்த சிநேகிதர் ஒருவர் அவரை, மூடிய கதவுக்குள் சடங்கு செய்து உறுப்பினர்களைப் படிப்படியாக ஏற்றும் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்த்துவிட்டிருந்தார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். இரண்டு படிகள் முடிந்து, மூன்றாம் படிக்குத்தான் அந்தக் கடிதம் அழைத்தது.

கடிதத்தின் தலைப்பில் ஒரு காம்பஸும் ஒரு மூலைமட்டமும் அச்சாகியிருந்தன. இரண்டுமே சித்தப்பாவின் மேசையில் கிடப்பவை. ஆகவே என்னைப் பொறுத்தவரை அது டிசைன்காரர்கள் சங்கம். பக்கத்து வீட்டுத் தறிக்கார மாமாதான் அதைக் கெடுத்தார்.

"டிசைன்காரங்க சங்கமா? தலைவெட்டிக் கோயிலு பாப்பா அது. மொத்தம் முப்பத்து மூணு படி. உங்க சித்தப்பாவுக்கு மூணாவதுலயே முடிஞ்சிடும்."

"இன்னா முடிஞ்சிடும் மாமா?"

"இன்னாவா? காம்பஸ வச்சி கழுத்தச் சுத்தி கோடு போடுவானுங்க. மட்டத்த வச்சி நேரா கீதான்னு பாப்பானுங்க. அப்புறம் ஒரே வெட்டு. மேல ஒரு கண்ணு வரைஞ்சி வச்சிக்கீறானுங்க, பேய் பாத்துகினே இருக்கும்."

"புள்ளைய பயமுறுத்திகினு... போய்த் தறியப் பாருங்கண்ணா" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

பின்னாளில் கிடைத்ததையெல்லாம் படித்துச் சரிபார்த்தேன். அந்தக் கண் கடவுளின் பார்வை. கருவிகள் கல்தச்சர்களுடையவை, ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்பவை. மூன்றுக்கு மேல் அடிப்படைப் படியே இல்லை; முப்பத்து மூன்று என்பது ஒரு தனிக் கிளையின் கணக்கு. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பா போய்விட்டார், இவரும் போகக் கூடாது.

காம்பஸ் இல்லாமல் கழுத்தில் கோடு போட முடியாதல்லவா? கூட்டத்தன்று காலை அவர் குளிக்கும்போது, மேசையிலிருந்த பெரிய காம்பஸை என் பைக்குள் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டேன்.

வேலூரில் வேறு காம்பஸ் இருக்கும் என்று தோன்றவில்லை. முள்ளிப்பட்டுத் தறி முதலாளி அன்று மதியம் வாங்கிப்போக வேண்டிய டிசைனில் முந்தானைச் சக்கரம் மட்டும் பாக்கியிருந்ததும் தெரியாது. சித்தப்பா வீடு முழுக்கத் தேடி, பிறகு நூலையும் பென்சிலையும் கொண்டு வட்டம் போட்டு, அது கோணிப்போய், அழித்து மறுபடி வரைந்து முடித்தபோது, கூட்டத்துக்குப் போய்ச் சேரக்கூடிய பஸ் போய்விட்டிருந்தது.

பள்ளி விட்டதும் ஓடிவந்தேன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை இருந்தது. பாய்ந்துபோய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். காம்பஸின் கூர்முனை என் காக்கிப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது.

"ஸ்கூல்ல வட்டம் போட்டியா பாப்பா?"

"போட்டேன் சித்தப்பா."

"பெருசாவா?"

"பெருசா."

தலையை ஆட்டிக்கொண்டார். காம்பஸைத் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சிநேகிதருக்குப் பம்பாய்க்கு மாற்றல். சங்கம் மறுபடியும் இரண்டு முறை அழைத்தது. இரண்டு கடிதங்களும் என்னிடம் உள்ளன. அம்மா கேட்டபோது, "வேலை கீது அண்ணி" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். பிறகு அவர் வேலூர் போகவே இல்லை.

மூன்றாம் படிச் சடங்கில் இறந்தவனைப் போலக் கிடக்க வேண்டும் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகுதான் படித்தேன். தறிக்கார மாமாவின் கதைக்கு அந்த அளவு ஆதாரம் இருந்திருக்கிறது. ஆனால், கிடப்பவனை ஒருவர் குனிந்து கையைப் பிடித்து எழுப்பி நிறுத்துவார். அன்று அந்தக் கையை நீட்டச் சம்மதித்திருந்தவர் அந்தச் சிநேகிதர். பம்பாயிலிருந்து சித்தப்பாவுக்கு அவரே எழுதியிருக்கிறார். எங்கள் எல்லோரையும் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தவருக்கும், தன்னை ஒருவர் கைகொடுத்து எழுப்ப வேண்டும் என்று ஆசை இருக்கும் என்பது, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய எனக்கு அன்று தெரியவில்லை.