வழக்கமான நாள் என்று குறித்தேன்

காலில் சக்கரம் கட்டியவன் என்று வீட்டில் என்னைச் சொல்வார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த வேலையும் அதற்கேற்ற அலைச்சல் வேலைதான். தெற்கே பெரிய விமான நிலையம் ஒன்று வரப்போகிறது. விமானங்கள் பறக்கத் தொடங்கினால் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்னும் வராத விமானத்தின் சத்தத்தை எங்கள் என்ஜினியர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு எடுத்துவிடுவார். இன்றைக்கு அங்கே இருக்கிற சத்தத்தை மீட்டரால் அளந்து வருவது என் பாடு. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்தக் கட்டடம் பட்டியலில் ஏறும். தடித்த சுவரும் இரட்டைக் கண்ணாடியும் கிடைக்கும். ஏறாவிட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மீட்டரை வீட்டுக்கும் கொண்டுவருவேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதை ஓரத்து வீடு எங்களுடையது. சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, ரயில் போகும்போதும் அப்பா ரேடியோ செய்திக்கு மேலே குரல் எடுத்துப் பேசும்போதும் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க உத்தியோகம், அந்தக் கௌரவம் எல்லாம் அவர் குரலிலேயே இருக்கும்.

ஒருநாள் ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். வருவதாக முன்பே தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லியிருந்தேன். போய் இறங்கினால் காது கிழிகிறது. பக்கத்துக் கோயிலில் மைக்செட் அலறுகிறது. பிள்ளைகள் தொண்டை வறள வாய்ப்பாடு கத்துகிறார்கள். யாரோ தகரத்தை வேறு தட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எப்போது முடியும், எப்போது காரில் ஏறலாம் என்று அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

முடிந்ததும் தலைமையாசிரியை வந்தார்.

"போதுமா சார்?"

"தாராளமா போதும் டீச்சர்" என்றேன், நக்கலாக.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இது வழக்கமான நாளா? 'ஆம்' என்று குறித்தேன். யாரையும் விசாரிக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் என்றாலே சத்தம் என்பது எங்கள் வீட்டில் நான் சோற்றோடு சேர்த்து விழுங்கியது. அதை விசாரிப்பானேன்?

இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் தயாரானது. அந்தப் பள்ளி அதில் இல்லை. ஏற்கெனவே அத்தனை சத்தம் இருக்கும் இடத்தில் விமானம் என்ன பெரிதாகச் செய்துவிடப்போகிறது என்று கணக்கு சொன்னது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மீட்டரின் மைக் மேல் மாட்டும் பஞ்சு உருண்டையை அங்கேயே விட்டுவந்திருந்தேன். அதை எடுக்கத்தான் மறுபடி போனேன். காரை விட்டு இறங்கியதும் திகைத்துவிட்டேன். ரப்பர் காய் வெடித்துக் கொட்டை உதிர்வது கேட்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை மெதுவாகப் பாடம் வாசிப்பது வாசல்வரை கேட்கிறது.

தலைமையாசிரியை பஞ்சு உருண்டையைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

"என்ன டீச்சர், இன்னிக்கு சத்தமே இல்ல?"

"தினமும் இப்படித்தான் சார். அன்னிக்கு நீங்க சத்தம் அளக்க வரீங்கன்னு கிராணி சொன்னாரு. அவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணும் கிடைக்காம போனா நல்லாவா இருக்கும்? அதான் கோயில்ல மைக்செட் போடச் சொன்னோம். பிள்ளைங்களயும் நல்லா கத்தச் சொன்னேன்லா."

வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அவர்கள் செய்த உபசாரம் அது. அதைத்தான் நான் அவர்களுடைய சுபாவம் என்று குறித்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கொடுத்த மைலோவைக் குடிக்க முடியவில்லை.

காரில் மீட்டர் இருந்தது. எடுத்து வந்து நிறுத்தினேன். வழக்கம்போல இருங்கள் என்று சொன்னால், பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் மீட்டரையே பார்த்தார்கள். கடைசியில் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்துவிட்டு, நானும் மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் தலைமையாசிரியை மீட்டர் முள்ளை எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ரொம்பக் கம்மியா இருக்கே. இது போதுமா சார்?"

"இதுதான் டீச்சர் வேணும்."

நடந்ததைப் போய்ச் சொன்னபோது என்ஜினியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது, இனித் திருத்தத் தாள்தான் அனுப்ப வேண்டும், தவறு யாருடையது, ஏன் நடந்தது என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். வேலை போய்விடும் என்ற பயம். அலுவலகத்தை நாலு சுற்று சுற்றினேன். பேனாவை எடுத்தேன், வைத்தேன். பிறகு எழுதினேன்: அளந்தவர் அந்த ஊர் மக்களைப் பற்றி முன்பே ஒரு முடிவோடு போனார், யாரையும் விசாரிக்கவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் வெகுநாள் என்னைத் தனியாக எங்கும் அனுப்பவில்லை. பள்ளியின் பெயர் பட்டியலில் ஏறியது.

அது தெரிந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது, ஏன் இப்போதெல்லாம் வெளிவேலை இல்லை என்று அப்பா கேட்டார். தோட்டத்தில் அளந்தது தப்பாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். ரேடியோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவர் குரல் எழுந்தது.

"அதில என்ன பிழை வரப்போகுது? தோட்டத்துச் சனமெண்டா சத்தம்தானே!"

அவரை நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

"ரெண்டு இடத்திலயும் அளந்து பாத்திட்டன் அப்பா. எங்கட வீட்டிலதான் சத்தம் கூட."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ரேடியோவைக் குறைத்தார்.