கை தட்டச் சொன்ன டீக்கடை

பூந்தமல்லியில் பஸ் பழுதாகி நிற்கிறது. டீக்கடைத் தொலைக்காட்சியில் இந்தியா இலங்கையிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

"அண்ணை, ஒரு பிளேன்ரீ தாங்கோ" என்கிறேன். என் பேச்சைக் கேட்டதும் கடைக்காரர் முறைக்கிறார்.

"சிலோனா நீ? உங்காளுங்க ஜெயிக்கிறானுங்கோன்னு குஷியாக் கீதா? துன்றது எங்க சோறு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொழும்பில் இந்தியா வென்ற ஒரு மாலை, "தமிழா, உன் நாட்டுக்கே ஓடு" என்று ஒரு கும்பல் என் கடைக் கண்ணாடியை நொறுக்கியது. அவர்கள் சொன்ன அந்த நாட்டில்தான் இப்போது நிற்கிறேன்.

"அவங்கள் என்ரை ஆக்கள் எண்டால் நான் ஏனண்ணை இஞ்ச வாறன்?"

"அப்ப இந்தியாவுக்குக் கை தட்டு, பாப்போம்" என்று டீயை நீட்டுகிறார்.

இந்தியா ஒரு பவுண்டரி அடிக்கிறது. பெஞ்சிலிருப்பவர்கள் என் கைகளையே பார்க்கிறார்கள். கொதிக்கும் கிளாஸை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.