கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு தலையணை

மில்பிடாஸில் நான் நான்காவது படித்தபோது, பள்ளியில் எங்களுக்கு இம்ப்ரெஷனிஸ்ட் அச்சோவியங்களைக் காட்டினார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் அம்மா, கண்ணாடி முன் தலைவாரும் பெண். அந்தப் படங்களில் எந்தப் பொருளும் சும்மா இருக்காது, தண்ணீர் ஜாடி என்றால் அன்பு, கண்ணாடி என்றால் தனிமை என்றார் டீச்சர். அன்றிலிருந்து வீட்டில் ஒரு கரண்டியைக்கூட நான் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

பிறகு அவரவர் வீட்டை ஃபோம் அட்டையில் கீறி, மை தடவி அச்செடுக்கச் சொன்னார். நான் எங்கள் ஹாலைக் கீறினேன். சோபா, மடித்த போர்வை, அதன்மேல் ஒரு தலையணை. தினமும் காலையில் நான் பார்ப்பது அதுதான். யாராவது வருகிறார்கள் என்றால் அப்பா முதலில் அதைத்தான் க்ளாசெட்டில் ஒளித்துவைப்பார்.

நவராத்திரிக்கு அம்மா தெரிந்த ஆன்ட்டிகளை எல்லாம் வெற்றிலை பாக்குக்கு அழைத்திருந்தாள். தலையணை வழக்கம்போல க்ளாசெட்டுக்குள் போயிருந்தது. அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கொலுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் என் படத்தை ஒட்டினேன். பொம்மைகளை விட்டுவிட்டு எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சோபாவில் எதற்குத் தலையணை என்று அம்மாவின் ஆபீஸ் தோழி சிரித்தபடி கேட்டார். டீச்சர் மாதிரியே நிமிர்ந்து நின்றேன்.

“பில்லோ மீன்ஸ் பீஸ், ஆன்ட்டி. அப்பா டௌன்ஸ்டேர்ஸ் தூங்கினா நோ ஃபைட்டிங்.”

பாடிக்கொண்டிருந்த ஆன்ட்டி பாதியில் நிறுத்திவிட்டார். குங்குமச் சிமிழும் கையுமாக வந்த அம்மா அப்படியே நின்றாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அர்த்தத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்றுதான் நினைத்தேன்.

“கொழந்த என்னமோ சொல்றா. நீங்க சுண்டல் எடுத்துக்கோங்க,” என்றாள் அம்மா. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, டிராஃபிக் ஆகிவிடும் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது.

கொலு பொம்மைகளைப் பெட்டியில் வைத்த பிறகு ஒருநாள் பார்த்தால் சோபாவில் தலையணை இல்லை, க்ளாசெட்டிலும் இல்லை. அப்பா மாடிக்கே போய்விட்டார், இனி சண்டை இல்லை என்று குதித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

சனிக்கிழமை அப்பா வந்து, ஃப்ரீமாண்டில் ஓர் அபார்ட்மெண்டுக்கு என்னை அழைத்துப் போனார். சாமான் எதுவும் இல்லாத ஹாலில், கார்ப்பெட்டின் மேல் அதே தலையணை கிடந்தது. அறை அறையாகப் போய்த் தேடினேன், வேறு யாருமே இல்லை. இந்த வீட்டில் அப்பா யாரோடு சண்டை போடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.