உப்பு தொடாத தாஜி

காஷ்மீரத்தை ஆண்ட சுபேதார் சர்மஸ்த் கானின் சமையற்கட்டில் ஏழு குளிர்காலம் ரொட்டி சுட்டவள் தாஜி. அந்த ஏழு வருஷமும் அவன் வீட்டு உப்பில் ஒரு கல்லைக்கூட நாக்கில் வைக்காதவளும் அவள்தான். மாவில் உப்புப் போட்டுப் பிசைவாள். ருசி பார்க்க வேறொருத்தியைக் கூப்பிடுவாள். மத்தியானம் எல்லாரும் சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால், இவள் வீட்டிலிருந்து முடிந்து கொண்டுவந்த காய்ந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு அடுப்போரம் ஒதுங்கிவிடுவாள்.

"என்னடி, சுபேதார் வீட்டுச் சோத்துல பாம்பா கிடக்கு?" என்பார் தலைமைச் சமையல்காரர் கபீர்.

"வயித்துக்கு ஒத்துக்கல மாமு."

"ஊரே இந்தச் சோத்துக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. உன் வயிறு மட்டும் பாதுஷா வயிறு!"

காஷ்மீரத்தில் உப்பு விளையாது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து கோவேறு கழுதை முதுகில் வந்து சேர வேண்டும். அதனால்தானோ என்னவோ, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை எங்கள் ஜனங்கள் பழமொழியாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை, சத்தியமாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவன் உப்பைத் தின்றுவிட்டு அவனைக் காட்டிக்கொடுத்தவன் செத்தால் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள். கூலி என்பது வேறு, அது வியர்வைக்கு வாங்குவது. தாஜி கூலி வாங்கினாள், உப்பைத் தின்னவில்லை. அவளுக்குச் சர்மஸ்த் கானைக் கெடுக்க வேண்டியிருந்தது. மற்றபடி அவள் வயிறு நன்றாகத்தான் இருந்தது.

சுபேதாராக வந்து மாகாணத்தை ஆள்வதற்கு முன் அவன் பாதுஷாவின் படைத்தலைவன். குதிரை லாயத்தில் சாணி அள்ளி மேலே வந்தவன் என்று சொல்வார்கள். குதிரைமேல் அவன் வைத்திருந்த பாசத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். லடாக் மேல் படையெடுத்தபோது சுமை தூக்க எங்கள் ஊர்களில் ஆள் பிடித்தான். கூலி கிடையாது, கேள்வியும் கிடையாது. தாஜியின் கணவன் சமதைத் தறியிலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு போனார்கள். பாதி நெய்த சால்வை தறியிலேயே கிடந்தது.

போன கூட்டத்தில் திரும்பி வந்தவன் படகோட்டி சுப்ஹான் ஒருவன்தான். அவனுக்கும் கால் விரல்கள் இல்லை. தாஜி வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"கணவாயில பனிப்புயல் புடிச்சுக்கிச்சு தாஜி. குதிரைங்க நடுங்குச்சு. சுமக்கிறவன் அங்கிய எல்லாம் உருவி குதிரைக்குப் போத்தச் சொன்னான் அந்தப் பாவி. அங்கிக்குள்ள வச்சிருந்த கனல்சட்டியையும் புடுங்கிட்டாங்க. ஒரு சிப்பாயே பொறுக்காம, 'ஆளுங்க செத்துருவாங்களே ஹுஜூர்'னான். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'குதிரை காசு குடுத்து வாங்கினது. இவனுங்க சும்மா வந்தவனுங்க.'"

"அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாரா அண்ணே?"

"பல்லு கிட்டிப் போச்சும்மா. பேச முடியல."

குதிரைகள் பிழைத்தன. போரிலும் ஜெயம்தான். சந்தோஷப்பட்ட பாதுஷா, அங்கி பறித்தவனுக்குப் பட்டு அங்கி போர்த்தி, பரிசாக எங்களையே தூக்கிக் கொடுத்தார். ராஜாக்கள் நியாயம் அப்படித்தான் இருக்கும். அவன் யானைமேல் ஊருக்குள் நுழைந்த அன்று படித்துறையில் நின்ற கூட்டத்தில் தாஜியும் நின்றாள். பக்கத்திலிருந்தவர்கள் வாழ்த்துக் கூவினார்கள். அவள் அவன் போர்த்தியிருந்த பட்டு அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவாரம் அரண்மனைச் சமையற்கட்டில் ரொட்டி சுட ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள்.

விஷம் வைத்திருக்கலாமே என்று சுப்ஹானே கேட்டான். சர்மஸ்த் கானின் தட்டுக்குப் போகிற எதையும் முதலில் தின்று பார்க்க ஒரு கிழவன் இருந்தான், பேரக்குழந்தைகள் உள்ளவன். அவனைக் கொன்று என்ன கண்டது? "ஏறினவன் ஒருநாள் எறங்கித்தான் ஆகணும் அண்ணே. அன்னிக்கு நான் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள் தாஜி.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். பெருநாள் விருந்தில் ரொட்டி சர்மஸ்த் கானுக்குப் பிடித்துப்போய், சுட்டவளைக் கூப்பிடச் சொன்னான். தன் தட்டிலிருந்தே ஒரு கறித்துண்டை எடுத்து நீட்டினான். சுபேதார் தட்டிலிருந்து வருவதை மறுத்தால் முதுகுத் தோல் உரியும். வாங்கித் தின்றாலோ ஏழு வருஷக் காத்திருப்பில் அப்போது கழிந்திருந்த நாலும் வீண். சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மன்னிக்கணும் ஹுஜூர். தர்காவுல நூல் கட்டியிருக்கேன். வேண்டுதல் நிறைவேறுற வரைக்கும் கறி தொடமாட்டேன்."

"கறி மட்டும்தானா?"

கபீர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் எதையுமே தொடாதவள் என்பது அவருக்குத்தான் தெரியுமே. பார்த்துவிட்டுக் குனிந்து பாத்திரத்தை அடுக்கத் தொடங்கினார். அவருடைய தங்கை மகனும் அந்தக் கணவாயில்தான் கிடக்கிறான்.

"கறி மட்டும்தான் ஹுஜூர்."

"அப்படி என்ன வேண்டுதல்?"

"நிறைவேறினா ஹுஜூருக்குத்தான் மொதல்ல தெரியும்."

சர்மஸ்த் கான் தொடையைத் தட்டிச் சிரித்தான். தன் ஆயுளுக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் தனக்காகவே நடப்பதாகத் தோன்றும்.

மூன்று வருஷம் கழித்துக் கிழட்டுப் பாதுஷா கண்ணை மூடினார். மகன்கள் இருவரும் அடித்துக்கொண்டார்கள். சர்மஸ்த் கான் தோற்கிற மகன் பக்கம் நின்றான். ஜெயித்தவனின் படை மலையிறங்கி ஊருக்குள் வந்த அன்று, அரண்மனையில் சர்மஸ்த் கானின் பெயரைச் சொல்ல ஆளில்லை. காவலர்கள் ஓடினார்கள். அவனைப் புகழ்ந்து கவிதை பாடினவர்கள் அவர்களுக்கு முன்னாலேயே ஓடியிருந்தார்கள்.

பனி கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம், ஆற்றோரத்துத் தாஜி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. உட்புறம் ரோமம் வைத்துத் தைத்த அங்கியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றவன் சர்மஸ்த் கான்.

"ரொட்டிக்காரி, கதவச் சாத்து. ரெண்டு நாள் மறைச்சு வை. பத்து வீட்டுக்குப் போகலாம்னு பாத்தேன். எவனையும் நம்ப முடியல. நீ ஏழு வருஷம் என் உப்பத் தின்னவ. நீ காட்டிக்குடுக்க மாட்டே."

தாஜி கதவைச் சாத்தினாள். இத்தனை காலம் கும்பிட்ட தெய்வமே வீடு தேடி வந்து நிற்பது போலிருந்தது.

"உக்காருங்க ஹுஜூர். அங்கி நனைஞ்சிருக்கே, குடுங்க, காயப்போடறேன்."

அவனே கழற்றிக் கொடுத்தான். அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனாள். படகில் இருந்த சுப்ஹானிடம், "போய்ச் சொல்லிட்டு வா அண்ணே" என்றாள். வந்தவனைப் படகிலிருந்தே பார்த்திருந்த அவன் யாரிடம், எதை என்று கேட்கவில்லை. விரலில்லாத காலோடு அவன் அத்தனை வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வந்து மாவு பிசைந்தாள். உப்புச் சாடியை மேல்மாடத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"காட்டிக்குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றான் அவன்.

"மொதல்ல சாப்பிடுங்க."

சுடச்சுட ரொட்டியைப் பிய்த்து வாயில் திணித்தான். பசி. இரண்டாவது வாயில் மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

"உப்பு இல்லையே?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

"ஏழு வருஷமா உங்க உப்ப ஒரு கல்லு தின்னாம இருந்திருக்கேன், இதையா மறப்பேன்? உங்க உப்பு என் ஒடம்புல இல்ல. என் உப்பு உங்க ஒடம்புல இல்ல. என் புருசன் பேரு சமது. கணவாயில அவரு அங்கிய உருவச் சொன்னது நீங்க."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். சமது யாரென்று நினைத்துப் பார்க்க முயன்றது முகத்தில் தெரிந்தது. ஞாபகம் வரவில்லை. அதுதான் தாஜிக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்கவில்லை.

வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. புதுப் பாதுஷாவின் தளபதியும் சிப்பாய்களும் அவனை இழுத்து வெளியே நிறுத்தினார்கள். விசாரணைக்கு மலை தாண்டிக் கொண்டுபோக உத்தரவு. மெல்லிய சட்டையோடு பனியில் நின்றவனுக்குப் பல் அடித்துக்கொண்டது.

"அங்கி... என் அங்கி..." என்றான்.

தாஜி அங்கியைக் கொண்டுவந்தாள். அவனைத் தாண்டிப் போய், நடுங்கிக்கொண்டிருந்த தளபதியின் குதிரைமேல் அதைப் போர்த்தி, கழுத்தருகே இழுத்துச் செருகிவிட்டாள்.

"என்னம்மா இது? கைதிக்கு?" என்றான் தளபதி.

"குதிரை காசு குடுத்து வாங்கினது ஹுஜூர். இவரு சும்மா வந்தவரு."

சர்மஸ்த் கானுக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. முகம் வெளுத்ததிலிருந்தே தெரிந்தது. அவன் கணவாயைத் தாண்டவில்லை என்று வசந்தத்தில் வந்த உப்பு வியாபாரிகள் சொன்னார்கள்.

அன்று சிப்பாய்கள் அவனைக் கொண்டுபோனதும் தாஜி உப்புச் சாடியை இறக்கி, எங்கள் ஊர் வழக்கப்படி உப்புப் போட்டுத் தேநீர் வைத்தாள். ஒரு கிண்ணம் சுப்ஹானுக்குக் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்தவன் துப்பிவிட்டான்.

"ஐயோ, கடல் தண்ணியா இது? இவ்வளவு உப்பா!"

தாஜி தன் கிண்ணத்தை அடிவரை குடித்தாள். பிறகுதான் சமதுக்காக வாய்விட்டு அழுதாள்.